மண்ணாய்ந்த சதாசிவனார்

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தை அடுத்து, அஸ்தினாபுரம், செம்பாக்கம், சிட்லபாக்கம் என ஊர்கள் நெருங்கி அமைந்துள்ளன. இன்று வீடுகள் நிறைந்த புறநகர்களாக விளங்கும் இப்பகுதி, முன்னாளில் ஏரிநீர் பாய்ந்த வயல்களை உடையதாயிருந்தது. அறுவடை முடிந்த பின் நெல்லின் அடித்தாள் வயலிலேயே நிற்கும். மழை பெய்து மண் நெகிழ்ந்ததும் உழவர் அதனை மடக்கி உழுவர். சில திங்களில் அத்தாள் இருந்த சுவடும் தெரியாமல் மண்ணோடு மண்ணாகிவிடும். அத்தனை தாளையும் உண்டவர் யாவர் என்று வினவுவார் அரியர்.

உண்டவை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். அவற்றுள் பூஞ்சைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. நூலினும் நுண்ணிய இழைகளாய்ப் படர்ந்து, தம்மைச் சூழ்ந்த பொருளைக் கரைத்து உறிஞ்சி வாழ்வன அவை. அவை இல்லையேல் உதிர்ந்த சருகும் உலர்ந்த தாளும் மலைபோற் குவிந்து கிடக்கும், மண்ணும் வளமிழக்கும். ஆயினும் இப்பூஞ்சைகளுள் சில, செத்த தாளை உண்பதோடு நில்லாமல், உயிருள்ள செடியின் வேருக்குள்ளும் புகுந்து அதனை மாய்த்துவிடுகின்றன. துப்புரவாளனே கள்வனாவது எப்போது? ஏன்? இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் பற்றி நின்றவர் பேராசிரியர் டி. எஸ். சதாசிவன் ஆவர்.

சதாசிவனார் 1913ஆம் ஆண்டில் பிறந்தார். அதற்கு மூன்றாண்டு முன்னர், 1910இல், பீகாரிலுள்ள பூசா என்னும் ஊரின் வேளாண்மை ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பட்லர் என்னும் அயர்லாந்து அறிஞர், துவரையின் வாடல் நோயைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டிருந்தார். நன்கு தழைத்து நின்ற துவரைச் செடி, நீர் இருந்தும் நீரில்லாததுபோல் வாடி மடிவதற்கு, மண்ணிலிருந்து வேர்வழியே ஏறும் பூஞ்சையே காரணம் என்று அவர் காட்டினார். பியூசேரியம் என்பது அப்பூஞ்சை இனத்தின் பெயர். துவரையை மட்டுமன்றிப் பருத்தி, வாழை, தக்காளி முதலியவற்றையும் இவ்வினப் பூஞ்சைகள் தாக்குகின்றன. பகைவன் இன்னான் என்பது இவ்வாறு தெரிந்தது. ஆனால், ஒரு நிலத்தில் நோய் பரவ, அடுத்த நிலம் தப்பி நிற்பது ஏன் என்பது தெரியவில்லை. பூஞ்சை இரு நிலத்திலும் இருக்கக்கூடும். எனின், வேறுபாடு மண்ணில் இருத்தல் வேண்டும்.

தாவரவியலில் பட்டம் பெற்ற சதாசிவனார் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். அங்கே ராத்தம்ஸ்டெட் என்னுமிடத்தில் 1843ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் பழம்பெரும் வேளாண்மை ஆய்வு நிலையம் உள்ளது. அதன் கோதுமைக் கழனியில் ஒரு பாத்திக்கு எருவே இடுவதில்லை. மற்றொன்றுக்கு ஆண்டுதோறும் தொழுவெரு இடுவர். வேறு சிலவற்றுக்கு வெவ்வேறு உரங்களை அளந்து இடுவர். ஒரே வானம், ஒரே மழை, ஒரே பயிர். மண்ணின் ஊட்டம் மட்டும் வேறு. மண்ணின் தன்மையைக் கற்க விரும்பும் மாணவனுக்கு இதனினும் சிறந்த பள்ளி கிடைப்பது அரிது. வேர்நோய்ப் பூஞ்சைகளை ஆராய்வதில் பெயர்பெற்ற காரெட் என்னும் அறிஞர் அப்போது அங்கே இருந்தார். அவரிடத்தில் சதாசிவனார் பயின்றார்.

அவர் மேற்கொண்ட ஆராய்ச்சி, கேட்பதற்கு மிக எளியது. கோதுமைத் தாளைச் சிறு துண்டுகளாக நறுக்கி வெவ்வேறு வகை மண்ணில் புதைப்பது. குறித்த நாள்தோறும் சிலவற்றைத் தோண்டி எடுப்பது. கழுவித் தூய்மை செய்து, பூஞ்சைகள் வளர்வதற்கேற்ற கூழ்மத்தின் மேல் வைப்பது. தாளுக்குள் குடிபுகுந்திருந்த பூஞ்சைகள் அக்கூழ்மத்திற் படர்ந்ததும் அவை இன்னின்னவை என்று அடையாளம் காண்பது. செய்து பார்ப்போர்க்கே இதன் அருமை தெரியும். நூற்றுக்கணக்கான துண்டுகளை ஒன்றும் விடாமல் நோக்க வேண்டும். கணக்கு எழுத வேண்டும். ஒரு நாள் சோர்ந்தாலும் தொடர்ச்சி அறுந்துவிடும்.

இத்தகைய ஆராய்ச்சிகளால் விளங்கிய உண்மை யாது? பந்தியில் முந்திக்கொள்வாரும் பிந்தி வருவாரும் உண்டல்லவா? தாளை உண்ணும் பூஞ்சைகளுக்குள்ளும் அத்தகைய வரிசை உண்டு. தாளிலுள்ள சர்க்கரை போன்ற எளிய உணவை விரைந்து உண்பன முதலில் வருகின்றன. செல்லுலோசு என்னும் நாரிழைப் பொருளைக் கரைக்க வல்லவை அடுத்து வருகின்றன. கட்டைத் தன்மையுடைய லிக்னினைச் சிதைப்பவை இறுதியில் மெல்ல வருகின்றன. வைக்கோலில் மாவுச்சத்தோடு ஒப்பிட, தழைச்சத்து மிகக் குறைவு. ஆதலின், மண்ணில் தழைச்சத்து எவ்வளவு உள்ளது என்பதைப் பொறுத்துப் பூஞ்சைகளின் வெற்றியும் தோல்வியும் மாறுகின்றன. பயிருக்கு நோய் செய்யும் பூஞ்சையும் இப்பந்தியில் ஓர் இலைக்காகப் போட்டியிட வேண்டியதே. கோதுமையைத் தாக்கும் பியூசேரியம் ஒன்றைக் குறிப்பாக வைத்து இவ்வரிசையை ஆராய்ந்த சதாசிவனாரின் கட்டுரை 1939இல் வெளியாயிற்று. லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது.

1944ஆம் ஆண்டில் அவர் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் தலைமையை ஏற்றார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்தவர் எம். ஓ. பி. அய்யங்கார், பாசியினங்களை ஆராய்ந்து உலகப்புகழ் எய்தியவர். அத்தகையோர் அமர்ந்த இருக்கையில் முப்பத்தோராம் வயதில் அமர்வது எளிதன்று. உலகப்போர் அப்போது முடிந்திருக்கவில்லை. சதாசிவனார் ஆசானின் வழியிலேயே பாசிகளைத் தொடர்ந்திருக்கலாம். அதுவே பலர் எதிர்பார்த்த வழியாகவும் இருந்திருக்கும். அவரோ கூடத்தின் பார்வையை நீரிலிருந்து மண்ணுக்குத் திருப்பினார். பருத்தியும் துவரையும் வாடும் நாட்டில், அவற்றின் வேரடியில் நிகழ்வதை அறிவதே தம் கடமை என்று கொண்டார்.

பருத்தியின் வாடல் நோய் பார்க்கப் பரிதாபமானது. இலையோரம் மஞ்சளாகும், பின் பழுப்பாகும், இலைகள் தொங்கி உதிரும், கடைசியில் மொட்டைக் குச்சி நிற்கும். தண்டைக் குறுக்கே வெட்டினால் நீர் செல்லும் குழாய்கள் கருத்திருப்பதைக் காணலாம். விதைத்து, களையெடுத்து, காய்பிடிக்கும் வேளையில் இவ்வாறு நேரின், கடன் வாங்கிப் பயிரிட்ட உழவனின் நிலை என்னாகும்? மருந்து தெளித்தும் பயனில்லை. பகைவன் வேருக்குள் இருக்கிறான். அடுத்த ஆண்டு விதையை மாற்றியும் பயனில்லாமற் போகலாம். தடித்த சுவருடைய வித்துகளாகப் பூஞ்சை பல்லாண்டு மண்ணில் உறங்கிக் கிடக்க வல்லது.

செடி ஏன் வாடுகிறது என்பதில் அறிஞரிடையே இரு கொள்கைகள் நிலவின. பூஞ்சை இழைகள் நீர்க்குழாய்களை அடைத்துக்கொள்வதால் வாடுகிறது என்றனர் ஒரு சாரார். பூஞ்சை ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்நஞ்சே செடியைக் கொல்கிறது என்றனர் மற்றொரு சாரார். சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிக் நகரில் காய்மன் என்னும் அறிஞர் இரண்டாங் கொள்கையை வலியுறுத்தினார். ஜப்பானிய வேதியியலார் 1934இல் பிரித்தெடுத்த பியூசாரிக் அமிலம் என்னும் பொருளே வாடலை விளைக்கும் நஞ்சுகளுள் ஒன்று என்பது அவர் கருத்து. ஆனால் எதிர்ப்போர் ஒரு நல்ல வினாவை எழுப்பினர். கண்ணாடிக் குடுவையில் வளர்க்கும்போது பூஞ்சை நஞ்சைச் சுரக்கலாம். செடிக்குள்ளும் சுரக்கிறது என்பதற்குச் சான்று எங்கே? 1953இல் அமெரிக்க அறிஞர்களாகிய டைமண்டும் வாக்கனரும் இதற்கு ஒரு கட்டளைக்கல் வகுத்தனர். நோயுற்ற செடிக்குள் அந்நஞ்சு காணப்பட வேண்டும். நலமான செடியில் அஃது இருத்தல் கூடாது. நலமான செடிக்கு அதனை ஊட்டினால் நோயின் குறி தோன்ற வேண்டும்.

சென்னைக் கூடத்தார் இச்சான்றைத் தேடினர். நோயுற்ற பருத்திச் செடிகளிலிருந்து சாறெடுத்து, வடிதாளின் மேல் பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காணும் முறையால் சோதித்தனர். பியூசாரிக் அமிலம் அங்கே இருந்தது. அது செடிக்குள் பரவிச் செல்வதையும் கல்யாணசுந்தரம், வெங்கடராம் முதலிய அவர்தம் மாணவர்கள் 1950களின் நடுவில் நிறுவினர். உலகின் பல பெருங்கூடங்கள் முயன்ற ஒரு வினாவுக்குச் சேப்பாக்கத்திலிருந்து விடை சென்றது. அன்று முதல் தாவர நோயியல் அறிஞர்கள் சென்னையைத் தனியொரு மரபின் தாயகமாக மதிக்கலாயினர்.

ஆயினும் சதாசிவனாரின் உள்ளம் நஞ்சோடு நிற்கவில்லை. மண்ணையே மீண்டும் நாடியது. துத்தநாகம், மாங்கனீஸ், போரான் போன்றவை செடிக்கு மிகச் சிறிதளவே வேண்டப்படுவன. ஆதலின் இவற்றை நுண்ணூட்டங்கள் என்பர். இவற்றை மண்ணிற் சேர்த்தால் வாடல் நோய் கூடுமா, குறையுமா? அவர் மாணவியாகிய சரோஜினி துவரையை வைத்து இதனை ஆராய்ந்தார். சில நுண்ணூட்டங்கள் சேர்ந்த மண்ணில் நோய் குறைந்தது. சுலோசனா என்னும் மற்றொரு மாணவி பருத்தி வேரைச் சூழ்ந்த நுண்ணுயிர்க் கூட்டம் இவ்வூட்டங்களால் எவ்வாறு மாறுகிறது என்று கண்டார். பெண்கள் கல்லூரிப் படிப்பை முடிப்பதே பெரிதெனக் கருதப்பட்ட அந்நாளில், 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில், அவர்கள் ஆராய்ச்சியில் முன்னின்றது குறிப்பிடத்தக்கது.

பூஞ்சையின் பக்கமும் இவ்வினா எழுந்தது. கல்யாணசுந்தரமும் சரஸ்வதிதேவியும் பருத்தி வாடல் பூஞ்சையைத் துத்தநாகம் நீக்கிய உணவில் வளர்த்துப் பார்த்தனர். நஞ்சைச் சுரப்பதற்கு அப்பூஞ்சைக்கு இம்மியளவு துத்தநாகம் இன்றியமையாதது என்று கண்டு, 1955இல் வெளியிட்டனர். கொல்லும் ஆற்றல் பூஞ்சைக்குள் இருப்பினும், அதனை வெளிப்படுத்தும் திறவுகோல் மண்ணின் ஊட்டத்தில் இருக்கிறது என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சிறிது விளக்குதல் தகும். உணவு மாறும்போது பூஞ்சை எங்ஙனம் மாறுகிறது? இதற்கு இரு வழிகள் உண்டு. முதல் வழி, தன்னிடமுள்ள மரபணுக்களை வேண்டும்போது இயக்கி, வேண்டாதபோது அடக்குவது. வீட்டில் அரிசி இருக்கும்வரை கேழ்வரகுப் பானையைத் திறவாத இல்லத்தரசியைப்போல, எளிதிற் பயன்படும் தழைச்சத்து மண்ணில் உள்ளவரை, அரிய வடிவிலுள்ளதைப் பயன்படுத்தும் மரபணுக்களைப் பூஞ்சை இயக்குவதில்லை. எளியது தீர்ந்ததும் அவை விழித்துக்கொள்கின்றன. இதனால் பூஞ்சையின் பிறவிக்குணம் மாறுவதில்லை.

இரண்டாம் வழி, மரபே மாறுவது. ஒரு பூஞ்சை கணக்கற்ற வித்துகளைப் பரப்புகிறது. அவற்றுள் ஒரு சிலவற்றின் மரபணுக்களில் தற்செயலாகப் பிறழ்ச்சி நேர்கிறது. ஊட்டம் நிறைந்த மண்ணில் பயன்படாத அப்பிறழ்ச்சி, வறிய மண்ணில் உயிர்காக்கும் கருவியாகலாம். அப்போது அவ்வித்தின் வழித்தோன்றல்களே அங்கே பெருகும். மண் விரும்பி மாற்றுவதன்று. மாறியவற்றுள் தனக்கேற்றதை மண் தெரிந்தெடுக்கிறது. ஊட்டத்துக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பை 1941இல் அமெரிக்காவில் பீடிலும் டேட்டமும் ரொட்டிப் பூஞ்சை ஒன்றைக் கொண்டே காட்டினர். எக்ஸ் கதிர்களால் அதன் மரபணு ஒன்றைப் பழுதாக்கியபோது, தான் முன்பு தானே ஆக்கிக்கொண்ட வைட்டமினை ஆக்க இயலாமல், அதனை உணவில் எதிர்பார்த்து நின்றது. இதற்காக 1958இல் அவர்கள் நோபெல் பரிசு பெற்றனர்.

பூஞ்சைக்கே உரிய ஒரு விந்தையும் உண்டு. இரு வேறு மரபுடைய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, இருவகை உட்கருக்களும் ஓரிழைக்குள் கூடி வாழ்தல் கூடும். இங்கிலாந்தில் ஜிங்க்ஸ் என்பார் 1952இல், பெனிசிலியம் என்னும் பூஞ்சையின் இத்தகைய கூட்டிழையை வெவ்வேறு உணவில் வளர்த்தார். ஆப்பிள் பழக்கூழ் மிகுந்த உணவில் ஒருவகை உட்கரு மிகுந்தது. அது குறைந்த உணவில் மற்றொரு வகை மிகுந்தது. ஓருடலுக்குள் இரு மரபுகளை வைத்துக்கொண்டு, கிடைத்த உணவுக்கேற்பப் பங்கை மாற்றிக்கொள்ளும் உயிரை என்னென்பது!

இவ்வளவு மாறக்கூடிய பகைவனை ஒரே பெயரால் அழைத்தல் போதாது. சதாசிவனாரின் தலைமாணவருள் ஒருவராகிய சி. வி. சுப்பிரமணியன், பருத்தி வாடலுக்கும் மண்ணின் நிலைக்கும் உள்ள தொடர்பை 1950இல் விளக்கியதோடு, தென்னிந்தியாவின் பியூசேரியங்களைத் திரட்டி வகைப்படுத்தும் பணியையும் மேற்கொண்டார். பின்னாளில் உலகப் பூஞ்சையியலாருள் ஒருவராக அவர் உயர்ந்தார். வகைபிரித்தலின் தேவையைப் பருத்தியே காட்டும். அமெரிக்காவில் வழங்கும் வாடல் பூஞ்சை, அமெரிக்கப் பருத்தியை வாட்டும். இந்தியாவில் வழங்கும் பூஞ்சையோ, நம் நாட்டுப் பருத்தியை வாட்டி, இங்கே பயிரிட்ட அமெரிக்கப் பருத்தியைப் பெரும்பாலும் தீண்டாமல் விட்டது. வடிவில் இரண்டும் ஒன்றே; உருப்பெருக்கியின் கீழ் வேறுபாடு தோன்றாது. வேறுபாடு மரபில் இருந்தது.

சதாசிவனார் பட்டங்களைத் தேடிச் சென்றவரல்லர். அவை அவரைத் தேடி வந்தன. 1960களில் அவர் தலைமை தாங்கிய துறை, பல்கலைக்கழக மானியக் குழுவினால் தாவரவியல் உயராய்வு மையமாக உயர்த்தப்பட்டது. நெல்லின் குலைநோயையும் அவர் கூடம் விடவில்லை. இரவின் குளிர் அந்நோய்க்கு எவ்வாறு துணைபோகிறது என்பதைச் செடியின் உட்பொருள்களில் தேடிக் கண்டது. பெங்களூரில் சர் சி. வி. இராமன் நிறுவி, 1970இல் தாம் மறையும்வரை தலைமை தாங்கிய இந்திய அறிவியல் அகாதமிக்கு, அடுத்த தலைவராக 1971 முதல் 1973 வரை சதாசிவனாரே விளங்கினார். இயற்பியல் மேதை அமர்ந்த இடத்தில் மண்ணை ஆய்ந்தவர் அமர்ந்தார். வேளாண்மை ஆராய்ச்சிக்குரிய ரபி அகமது கித்வாய் விருதும் அவருக்குக் கிடைத்தது. 1974இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டில் அவர் பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார்.

அவர் கூடத்தின் முடிபுகள் எல்லாம் மாறாதவை என்று கூறுதல் பொருந்தாது. 1997இல் சூரிக் நகர ஆராய்ச்சியாளர் இருவர் தக்காளி வேரைத் தாக்கும் பியூசேரியம் ஒன்றை ஆராய்ந்தபோது, துத்தநாகம் அதன் பியூசாரிக் அமிலச் சுரப்பை அடக்கக் கண்டனர். பருத்திப் பூஞ்சைக்குத் திறவுகோலாயிருந்தது, தக்காளிப் பூஞ்சைக்குப் பூட்டாயிற்று. ஊட்டத்தின் அளவும், பூஞ்சையின் மரபும், சூழலும் வேறாயின், விளைவும் வேறாகும் போலும். ஓரிடத்திற் கண்ட மருந்தை எல்லா நிலத்துக்கும் கூறிவிட இயலாமைக்கு இதுவே காரணம். பின்னர், 2010இல் மற்றொரு செய்தி வெளிவந்தது. தக்காளியை வாட்டும் பியூசேரியத்தின் நோய் செய்யும் ஆற்றல், அதன் தனிப்பட்ட சில குரோமோசோம்களில் அடங்கியுள்ளது என்றும், அக்குரோமோசோம் தீங்கற்ற வேறொரு பியூசேரியத்துக்குச் சென்றால், அதுவும் தக்காளியைத் தாக்கும் என்றும் ஆய்வாளர் காட்டினர். தாளை உண்டு கிடந்த துப்புரவாளன் கள்வனாகும் வழிகளுள் ஒன்று இதனால் தெரிய வந்தது. சதாசிவனார் இதனை அறிய இருந்தாரல்லர். 2001ஆம் ஆண்டிலேயே அவர் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்த அதே ஆண்டில், கடல்களுக்கு அப்பால், கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் உயர்ந்த இழைதரும் பிமாப் பருத்தி வாடக் காணப்பட்டது. செடியைச் சோதித்தவர்கள் வேரினின்று பியூசேரியம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அஃது அமெரிக்காவின் பழைய வகையன்று. முன்னர் இந்தியாவில் இனங்காணப்பெற்று, நான்காம் இனம் என்று எண்ணிடப்பட்டிருந்த வகை. அங்குள்ள ஆய்வாளர் பல்லாண்டுகளாக அப்பூஞ்சையின் மரபையும், அது தங்கியுள்ள மண்ணையும் ஆராய்ந்து வருகின்றனர்.